துலாக்கட்டத்தில் ஒரு மணிப் பட்டறை!

ஐப்பசியின் கடைசி வாரம். மாதத்தின் கடைசி நாள் நீராடலான கடைமுகத் தீர்த்தவாரிக்கு மயிலாடுதுறை பரபரக்கிறது. ஊரே காவிரியைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் தரையைப் பார்க்கிறோம். காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்குப் போகும் வழியில் தார்ப்பாய் விரித்திருக்கிறது ஒரு நரிக்குறவர் குடும்பம். எதிரே நாமும் சம்மணம் போட்டாயிற்று. பாசிமணி பிறக்கும் இடத்தை இன்று பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறோம்!

முதல் ஆச்சரியம், இந்தத் தொழிலுக்குப் பின்கட்டே கிடையாது. நகைக்கடையில் பட்டறை உள்ளே இருக்கும், நெசவாளர் வீட்டில் தறி உள்ளே இருக்கும். இங்கே பட்டறை, கிடங்கு, கடை, கல்லா எல்லாமே ஒரே விரிப்பில்! எந்தக் கதவையும் தட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். கொஞ்சம் குனிந்தால் போதும்.

குனிந்தாயிற்று. அடேயப்பா! கருகமணி, பவள நிறப் பாசி, சோழி, துளசிமணி, படிகம், உருத்திராட்சம்... டப்பா டப்பாவாகக் கண்ணைப் பறிக்கிறது. இந்த டப்பாக்கள் வந்த தூரத்தைக் கேட்டால் தலை சுற்றும். கண்ணாடி மணிக்குப் பேர்போனவை உத்தரப்பிரதேசத்தின் வாரணாசியும் புர்தில்நகரும். உருத்திராட்சத்தின் தாய்வீடு நேபாளமும் இந்தோனேசியாவும். ஐப்பசியில் கங்கையே இங்கே நீராட வருகிறாள் என்பது ஐதிகம். கூடவே கங்கைக் கரைக் கண்ணாடியும் வந்து சேர்ந்துவிடுகிறது, பாருங்களேன்!

இப்போது கையைக் கவனியுங்கள். அந்தக் குடும்பத்து அக்கா நைலான் நரம்பின் முனையைப் பிடித்துக் குவியலுக்குள் விடுகிறார். நாலைந்து பாசிகள் தாமாக ஏறிக்கொண்டது போல வரிசையில் வந்து நிற்கின்றன. நாம் ஒன்றைக் கண்ணருகே வைத்துத் துளை தேடும் நேரத்தில் அவர் அரை முழம் கோத்துவிட்டார். கண் நம்மைப் பார்க்கிறது, வாய் விலை சொல்கிறது, விரல் தன் பாட்டுக்கு எண்ணுகிறது. கறுப்பு இரண்டு, வெள்ளை ஒன்று, கறுப்பு இரண்டு. குழந்தையின் கைக்குத் திருஷ்டிப் பாசி. வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை. பிள்ளையின் மணிக்கட்டை ஒருமுறை பிடித்துப் பார்த்ததுதான் அளவு!

அடுத்த விரிப்பில்தான் உச்சகட்டம். அங்கே நூலே இல்லை, கம்பி வேலை! ஒரு கையில் குறடு, இன்னொரு கையில் மெல்லிய செம்புக் கம்பி. உருத்திராட்சத்துக்குள் கம்பி நுழைகிறது. மறுபுறம் எட்டிப் பார்த்த முனையைக் குறடு பிடித்து வளைக்கிறது. ஒரு குட்டி வளையம். அதன் கழுத்தில் இரண்டு சுற்று. மிச்சம் துண்டிக்கப்படுகிறது. அடுத்த மணி அந்த வளையத்தில் கோத்துக்கொள்கிறது. 108 மணி, தலைமணி 1. அத்தனைக்கும் இருபுறமும் இதே வித்தை. நெருப்பு இல்லை, பற்றுவைப்பு இல்லை, பசை இல்லை.

ஏன் இவ்வளவு பாடு என்கிறீர்களா? இங்கேதான் இந்தக் கைகளின் அறிவு இருக்கிறது. கடைமுகத்துக்கு மறுநாள் கார்த்திகை 1. துலா மாதமான ஐப்பசிக்குள் வந்து சேர முடியாதவர்களுக்காக முடவன் முழுக்கு நடக்கும் நாள். ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டுக்கொள்ளும் நாளும் அதுவே. இரண்டு கூட்டம் ஒரே விடியலில்! போட்ட மாலையை விரதம் முடியும்வரை கழற்றுவதில்லை. ஒரு மண்டலம் அது கழுத்திலேயே கிடக்கும், காலையும் மாலையும் தண்ணீரில் நனையும். நூல் இற்றுப்போனால் மணியெல்லாம் சிதறும். கம்பியில் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டு. ஒரு வளையம் நெகிழ்ந்தாலும் மற்ற மணிகள் சிதறாமல் தப்பித்துவிடும், குறடால் ஒரு அழுத்து, மாலை மறுபடி முழுசு. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே திரும்புவதால் மாலை முறுக்கிக்கொள்ளாமல் மார்பில் வழிந்து விழுகிறது. பொறியியல், ஐயா, இது பொறியியல்!

இந்த விரல்களுக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. வாக்ரிபோலி மொழி பேசும் இந்த மக்கள் காடையும் கௌதாரியும் பிடித்த வேட்டைக்காரர்கள். சுருக்கு, கண்ணி, வலை எல்லாம் கையாலேயே செய்துகொண்டவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு வழி அடைபட, பாசியும் ஊசியும் பிழைப்பின் மையத்துக்கு வந்தன. இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-இலேயே சொல்லிவிட்டது. அதற்கான சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு ஆண்டுகள்! அத்தனை காலமும் இந்தக் குறடு ஓயவில்லை.

மணி என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. இதே மாவட்டத்துப் பூம்புகாரில் மணிகளை விலைபேசிய வணிகர்களைச் சங்க இலக்கிய மரபு அறியும். வடக்கே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிக் குழாய்களை இழுத்து, நறுக்கி, பாசியாக்கிக் கப்பலேற்றினார்கள். அந்த உலைகள் அணைந்துவிட்டன. மணியைக் கோக்கும் கை மட்டும் இதோ, நம் கண்ணெதிரே, தெருவோரத்தில், முழு வேகத்தில்!

பழங்குடிக் கைவினை என்றதும் நீலகிரித் தோடர்களின் பூத்தையல் நினைவுக்கு வருகிறது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தமிழகமே பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு இந்தத் தார்ப்பாய்க்கும் வேண்டும். துலாக்கட்டத்தருகே மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், யாரும் எழுப்பி விரட்டாத ஓர் இடமும் கொடுத்துப் பாருங்கள், மயிலாடுதுறைக்கு வருகிறவர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே வரிசை கட்டுவார்கள்.

இந்தக் கடைமுகத்துக்கு வருகிறீர்களா? நீராடிவிட்டு நேரே வாருங்கள். தொங்கும் மாலையைக் கைகாட்டி வாங்கிவிடாதீர்கள். "எனக்கென்று ஒன்று கட்டுங்கக்கா" என்று சொல்லி எதிரே உட்காருங்கள். நிறத்தை நீங்கள் சொல்லுங்கள், நீளத்தை அவர் பார்த்துக்கொள்வார். கேட்ட விலையைக் கொடுங்கள். அதில் மணிக்குரியது கொஞ்சம், மீதி அந்த விரல்களுக்குரியது!