ஆயில் சீல் கசிகிறதா? புதிது மாட்டும் முன் காரணத்தைத் தேடுங்கள்!

சேற்றுழவு தொடங்கிவிட்டால் ரோட்டவேட்டருக்கு ஓய்வே கிடையாது. ஒரு வயலில் ஏறி அடுத்த வயலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கியர் பெட்டியில் ஆயில் சொட்டினால், 'சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்' என்று மேற்கொண்டு ஆயிலை ஊற்றி ஓட்டுபவர்கள்தான் அதிகம்.

சொட்டுகிற ஆயில் சின்ன நஷ்டம்தான். ஆனால், ஆயில் வெளியே வருகிற அதே வழியில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். சேறு கலந்த ஆயிலில் பேரிங் வெகுநாள் தாங்காது. பேரிங் போனால் ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினால் கியர் பல் தேயும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். உழவு நேரத்தில் இயந்திரம் பட்டறையில் கிடக்கும் நாள்களின் நஷ்டம் தனி.

சீல் எப்படி வேலை செய்கிறது?

ஆயில் சீல் என்பது ஓர் இரும்பு வளையத்தின் மேல் வார்த்த ரப்பர். அதன் உள்பக்கத்தில் மெல்லிய உதடு ஒன்று இருக்கும். இதைத்தான் கடையில் 'லிப்' என்கிறார்கள். இந்த உதட்டைச் சுற்றியுள்ள சுருள் ஸ்பிரிங், அதை ஷாஃப்ட்டின் மேல் மெதுவாக அழுத்திப் பிடிக்கும். சுழலும் ஷாஃப்ட்டுக்கும் உதட்டுக்கும் இடையில் முடியைவிட மெல்லிய ஆயில் படலம் இருக்கும். அந்தப் படலம்தான் உதடு கருகாமல் காக்கிறது. எனவே, உதடு வறண்டாலும் கெடும்; அதில் மண் சிக்கினாலும் கெடும்.

முதலில் காரணம், பிறகு சீல்

புது சீல் போட்ட சில நாள்களிலேயே மறுபடி கசிந்தால், பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். கழற்றும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. சுற்றிய கயிறு: நைலான் கயிறு, கம்பி, வைக்கோல், பழைய துணி போன்றவை ரோட்டர் ஷாஃப்ட்டில் சுற்றி, உள்ளே ஏறி, சீலை அறுத்துவிடும். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் இவற்றை அறுத்து எடுக்க வேண்டும்.

2. பேரிங் ஆட்டம்: ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கைச் சரிசெய்யாமல் எந்த சீல் போட்டாலும் நிற்காது.

3. காற்றுத் துளை: கியர் பெட்டியின் மேலே உள்ள 'பிரீதர்' சேற்றால் அடைத்திருந்தால், சூடாகும்போது உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் சீல் வழியாகப் பிதுங்கும்.

4. ஆயில் அளவு: அளவுக்கு மேல் ஊற்றினாலும் கசியும்.

5. ஷாஃப்ட்டில் பள்ளம்: பழைய உதடு உராய்ந்த இடத்தை நன்றாகத் துடைத்து, விரல் நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது.

பள்ளம் லேசாக இருந்து, ஹவுசிங்கில் இடமும் இருந்தால், புது சீலை 2 மி.மீ. முன்னேயோ பின்னேயோ அமர்த்தி, உதடு வழவழப்பான இடத்தில் படும்படி செய்யலாம். ஆயில் வரும் துளையை சீல் மறைக்கக் கூடாது. பேரிங்கிலும் இடிக்கக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம் அல்லது லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம். உப்புத்தாளை ஷாஃப்ட்டின் நீளவாக்கில் இழுத்துத் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களே ஆயிலுக்கு வழியாகிவிடும்.

கடையில் எதைக் கேட்பது?

சீலின் முகத்தில் 35-52-7 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் ஷாஃப்ட்டின் விட்டம், இரண்டாவது சீலின் வெளிவிட்டம், மூன்றாவது அகலம், எல்லாம் மி.மீ. கணக்கு. எண் அழிந்திருந்தால் சீலின் ஓட்டையை அளக்காதீர்கள். புது சீலின் ஓட்டை ஷாஃப்ட்டைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும். பழைய சீலில் அது தேய்ந்தும் போயிருக்கும். ஷாஃப்ட்டின் தேயாத இடத்தையும், சீல் உட்காரும் குழியையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

சேற்றில் இறங்கும் இடத்துக்கு ஒற்றை உதடு போதாது. தூசு தடுக்கும் இரண்டாவது உதடு உள்ளதாகவோ, இயந்திரத்தில் முதலிலேயே பல உதட்டு சீல் இருந்தால் அதே வகையாகவோ கேளுங்கள். ரப்பரிலும் வகைகள் உண்டு. சாதாரண கியர் ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் போதும். சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதற்கும் மேலான சூட்டில், குறிப்பாக இன்ஜின் பகுதிகளில், விட்டான் வகை பயன்படும். ஆனால், விலை கூடிய ரப்பர் சூட்டைத்தான் தாங்கும். சேற்றைத் தடுப்பது உதடுகளின் அமைப்பு. நிறத்தைப் பார்த்து ரப்பரின் வகையை முடிவு செய்யாதீர்கள்.

மாட்டும் முறை

டிராக்டர் இன்ஜினை நிறுத்தி, பி.டி.ஓ-வைத் துண்டித்து, சாவியை எடுத்துவிடுங்கள். ரோட்டவேட்டரைக் கனமான மரக்கட்டைகள் மேல் இறக்கி நிறுத்திய பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று நம்பிக் கீழே போகக் கூடாது.

பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, ஷாஃப்ட்டைக் கீறாமல் நெம்பி எடுங்கள். குழியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புது சீலின் உதட்டிலும் ஷாஃப்ட்டிலும் அதே கியர் ஆயிலைத் தடவுங்கள். இரண்டு உதடு இருந்தால் நடுவில் உள்ள பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். ஷாஃப்ட்டில் சாவிப் பள்ளமோ ஸ்ப்ளைனோ இருந்தால், அதன்மேல் மெல்லிய டேப் சுற்றி சீலை நுழைத்துவிட்டு, பிறகு டேப்பை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உதடு அப்போதே கிழிந்துவிடும்.

ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். சுத்தியலால் ஓரத்தில் நேரடியாகத் தட்டாதீர்கள். சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுச் சிறிய குழாய்த் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாக, கோணாமல் இறக்குங்கள். அளவாக ஆயில் ஊற்றி, கையால் சில சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து வையுங்கள்.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: ஸ்பிரிங்கை அறுத்துச் சுருக்கிப் போட்டால் கசிவு நிற்குமா?

பதில்: சில நாள் நிற்கலாம். ஆனால், உதடு ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்துச் சூடாகும். ரப்பர் கெட்டித்து வெடிக்கும். ஷாஃப்ட்டிலும் பள்ளம் விழும். செய்யாதீர்கள்.

கேள்வி: ஆயிலுக்குப் பதில் கிரீஸ் நிரப்பி ஓட்டலாமா?

பதில்: ஆயிலில் ஓடும்படி செய்த பெட்டியில் கூடாது. கியர் பல் கிரீஸை ஒதுக்கித் தள்ளிவிடும். அது திரும்ப வழிந்து வராது. பல் வறண்டு தேயும்.

கேள்வி: ஆயில் டீ நிறத்தில் கலங்கிவிட்டது. மேலும் ஓட்டலாமா?

பதில்: தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, ஆயிலை முழுவதும் வடித்து, உள்ளே அலசி, பேரிங்கைச் சோதித்து, சீலை மாற்றிய பிறகே வயலில் இறக்குங்கள்.