அந்த மூட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தீவன மூட்டைக்குள் ஈரம் ஏறும். படப்பைப் பக்கம் கொல்லையில் இருபது முப்பது கோழி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய காலம் அது. புது மூட்டை பிரித்த சில வாரங்களில் கோழி சோர்ந்து, கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, ஒவ்வொன்றாகச் செத்தால் நாம் உடனே "கழிச்சல்" என்போம். மிச்சத் தீவனத்தைக் குப்பையில் கொட்டுவோம். அதோடு சாட்சியும் போய்விடும்.

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால், கட்டி தட்டியிருந்தால், கட்டியை உடைக்கையில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் பறந்தால் அது பூஞ்சணம். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் அது விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. அவை தின்ற பிரேசில் கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. கோழியோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் அடங்கும், நஞ்சு தங்கிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற தீவனத்திலும் அது இருக்கலாம். கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்த வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 50 கிலோ மூட்டைக்கு வெறும் 1 மில்லிகிராம்! கோழி ஒதுக்கியதைக் கறவை மாட்டுக்கு வைக்கிற பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை.

தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை. எண்ணெயோ ரசாயனமோ வந்த பழைய பீப்பாயில் தீவனத்தைக் கொட்டி வைக்காதீர்கள். 1999-இல் பெல்ஜியத்தில் மின்மாற்றி எண்ணெய் தீவனக் கொழுப்பில் கலந்து, முட்டையும் கறியும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், "உணவு" என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கால்நடைத் தீவனத்தை விலக்கிவிட்டது. முட்டை உணவு, முட்டைக்குள் போவது உணவல்ல என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

அதனால் இழப்பீடு கேட்க நமக்கு உள்ள வழி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் வாதாடலாம். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். தீவனத்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். அதனால் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். சாக்கில் தைத்த சீட்டைக் கிழிக்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றே, மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ வீதம் இரண்டு காகிதப் பைகளில் கட்டி, தேதி எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சணம் பெருகும். செத்த கோழியைப் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரல் வீங்கி மஞ்சளாக இருந்தால் அதை எழுதி வாங்குங்கள். தீவனச் சோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது. யோசனை கேட்க அவ்வளவு தூரம் போகவேண்டாம், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பை ஆய்வகத்துக்கு. இன்னொன்று, பில்லோடு சேர்த்து, உங்கள் பீரோவில்.