பெஸ்தாரி ஜெயாவிலிருந்து சென்னைக்கு

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவின் தோட்டத்து வீடொன்றிலிருந்து, உயர்கல்விக்காகச் சென்னைக்குப் புறப்படும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவருடைய குடும்பத்தில் விமானம் ஏறும் முதல் ஆள் அவர். ஆனால், கடல் கடக்கும் முதல் ஆள் அவர் அல்லர். அவருடைய பாட்டனாரின் தந்தை இதே கடலை எதிர்த்திசையில் கடந்து வந்தவர்.

அந்தக் காலத்தில் தமிழர்களை மலாயாவுக்கு ஏற்றிவந்த கப்பல்களுள் ‘ரஜூலா’ பெயர் பெற்றது. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. இன்றைய கிள்ளான் துறைமுகமே அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம். பயணம் ஒரு வாரம் பிடித்தது. தொழிலாளர்கள் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி வந்தார்கள். கரை சேர்ந்ததும் தோட்டத்திற்குப் போய்விட முடியாது. அம்மை, காலரா போன்ற நோய்கள் பரவிவிடும் என்ற அச்சத்தால் அவர்களைத் தடுப்பு முகாமில் சில நாள் வைத்திருந்த பிறகே வெளியே விட்டனர். அதன் பின்னரே ரப்பர்த் தோட்டம். பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய தென்னமாரம் தோட்டமும் இந்தப் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இன்று அதே தூரத்தைக் கடக்க விமானத்திற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் போதும். ஆனாலும் சோதனைகள் ஒழிந்துவிடவில்லை. அன்று உடலைப் பார்த்தார்கள். இன்று முதலில் பார்ப்பது தாளை. அந்தத் தாளின் பெயர் கடப்பிதழ்.

உலகிலேயே முதன்முதலாக மின்னியல் கடப்பிதழை வெளியிட்ட நாடு மலேசியா, ஆண்டு 1998. கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 குறிகள். அவை கணினி படிப்பதற்கானவை. அவற்றில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் இடத்தை நிரப்பும் ஓர் அம்புமுனைக் குறியும் மட்டுமே வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. இங்கேதான் நம் பெயருக்குச் சிக்கல் தொடங்குகிறது.

மலேசியத் தமிழர் பெயரில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதே அதன் பொருள். விமானப் பயணச்சீட்டிலும் அந்தச் சாய்கோடு இடம்பெறாது. அதோடு, பயணச்சீட்டுப் பதிவுப் படிவம் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டத்தைக் காட்டும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர்தான் உண்டு. அதை அங்கே எழுதினால், அயல்நாட்டு அதிகாரி உங்களை உங்கள் தந்தையின் பெயரால் அழைக்கக்கூடும். திகைக்க வேண்டாம், அவர் அழைப்பது உங்களைத்தான். முதல் பயணத்தில் விமானத்தைவிட இந்தப் பெயரே அதிகத் தொல்லை தரும் என்பேன். கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், விசா, பயணச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயரின் எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலைய முகப்பில் நிறுத்திவைக்கப்படலாம். பயணச்சீட்டுப் படிவத்தில் ஐயம் வந்தால் விமான நிறுவனத்திடமே கேட்டு நிரப்புவது நல்லது.

சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998-இல் திறக்கப்பட்டது. சுற்றிலும் செம்பனை மரங்கள் என்பதால் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வழி அந்நியமாகத் தோன்றாது. உள்ளே பாதுகாப்புச் சோதனையில் அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிச் சம்பல் மாட்டிக்கொள்ளலாம். 2006-இல் இலண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பின் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் பொருளைக் கைப்பையில் கொண்டு செல்லப் பல விமான நிலையங்கள் தடை விதித்தன. சம்பலும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் சேரும். அவை பெரிய பெட்டியில் போகட்டும். கடப்பிதழும் சேர்க்கைக் கடிதமும் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

விமானம் மேலெழும்போது காது அடைக்கும். கெந்திங் மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது பழக்கமானதே. விமானம் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், அதனுள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போலவே வைக்கப்படுகிறது. உயரே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே அடைபட்ட காற்று அதனை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் திறந்தால் இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அக்குழாய் திறக்கும். இறங்கும்போது வலி கூடுவதற்கும் காரணம் உண்டு. அந்தக் குழாய் காற்றை எளிதாக வெளியே விடும். உள்ளே விடத் தயங்கும். ஒரு வெற்று நெகிழிப் புட்டியை வானத்தில் இறுக மூடி வையுங்கள். தரையிறங்கியதும் அது நசுங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால் சென்னையில் மணி என்ன? பிற்பகல் 2.00 அன்று, முற்பகல் 11.30. இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. வேடிக்கை என்னவென்றால், சூரியனைக் கணக்கிட்டால் இவ்வளவு வேறுபாடு கிடையாது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 21 பாகைதான். அதாவது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. எஞ்சியது மனிதர் வகுத்தது. 1982 ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக அரைமணி முன்னே நகர்த்தப்பட்டன. அதற்கு முன்பு சென்னைக்கும் நமக்கும் வேறுபாடு இரண்டு மணி மட்டுமே.

சென்னையில் குடிநுழைவு முகப்பில் வரிசை நீளமாக இருக்கும். எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று அதிகாரி கேட்பார். படமும் விரல் ரேகையும் எடுக்கப்படலாம். பதில் சுருக்கமாகவும் உண்மையாகவும் இருந்தால் போதும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெளியே வந்தால் எங்கும் தமிழ். இருந்தாலும் அது முழுக்க நம் வீட்டுத் தமிழாக இராது. நாம் கடப்பிதழ் என்பதை அங்கே பாஸ்போர்ட் என்கிறார்கள். “பசியாறியாச்சா?” என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள், காலை உணவு அங்கே டிபன். கடையில் உணவைத் ‘தப்பாவ்’ பண்ணச் சொன்னால் எவருக்கும் புரியாது. ‘பார்சல்’ என்று சொல்ல வேண்டும்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அழைக்கத் தோன்றும். அப்போது பெஸ்தாரி ஜெயாவில் மணி பதினொன்றரை. விடியுமுன் எழுந்து தோட்ட வேலைக்குப் போகும் அம்மா உறங்கியிருப்பார். சென்னையில் மாலை ஆறரைக்கே அழைத்தால் அங்கே ஒன்பதுதான் ஆகியிருக்கும்.