தூக்குக் கதவுக்கு முண்டு கொடுத்தல்

விடிகாலையில் பெட்டிக்கடையைத் திறக்கிறோம். பூட்டைக் கழற்றி, முன்பக்கக் கதவை இரு கைகளாலும் மேலே தூக்கி, ஒரு தடியை முண்டு கொடுத்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்குகிறோம். அந்தக் கதவு வெயிலையும் மறைக்கிறது, மழையையும் மறைக்கிறது. பகல் முழுவதும் ஆட்கள் அதன் கீழேதான் நிற்கிறார்கள். பிள்ளைகள் இனிப்பு வாங்க வந்து நிற்பதும் அங்கேதான். அந்தத் தடியை எவராவது காலால் தட்டிவிட்டால், அல்லது காற்று கதவை ஒருமுறை தூக்கிப் போட்டால் என்ன நடக்கும்? இதைப் பற்றி நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

காணியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு, தோட்டம் செய்ய வழியற்ற காலத்தில் கைகொடுத்தது இத்தகைய வீதியோரக் கடையே. அக்கடையின் கதவு விழுந்து கை நசுங்கினால் அன்றைய வியாபாரமும் போகும், நாளை மண்வெட்டி பிடிக்கவும் முடியாது. ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் அதற்கு ஈடே இல்லை. ஆகையால் இச்சிறிய விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நாடு வேறு, கதவு ஒன்று

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளே அமைந்த பெரிய வாகனங்களில் குடும்பமாகப் பயணம் செய்வோர் உண்டு. மோட்டார் வீடு என்று இதைச் சொல்லலாம். அதன் பக்கவாட்டில், தளத்துக்குக் கீழே, சாமான் வைக்கும் அறைகள் இருக்கும். அவற்றில் பலவற்றின் கதவுகள் மேல்நோக்கியே திறக்கும். சாமான் எடுக்கக் குனிபவரின் தலையில் கதவு விழுவது அங்கும் உள்ள தொல்லைதான். வாகனச் சுவரில் ஒரு கொளுக்கி வைத்துத் திறந்த கதவை அதில் மாட்டுவது ஒரு முறை. வாயு அடைத்த தள்ளுகம்பியைப் பொருத்துவது இன்னொரு முறை. ஹயஸ் வானின் பின்கதவைத் தாங்கி நிற்பதும் இந்தக் கம்பிதான்.

கதவு எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றே. அதை அறிந்துகொண்டால் தடியானாலும் கம்பியானாலும் சரியாகப் பொருத்தலாம்.

பாரம் எங்கே விழுகிறது?

3 அடி உயரமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு கதவு 12 கிலோ பாரம் என வைத்துக்கொள்வோம். அதைக் கிடையாக உயர்த்திப் பிடித்தால், பாரத்தின் மையம் பிணைச்சலிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும். முண்டு நிற்கும் இடத்தைப் பொறுத்து அது தாங்க வேண்டிய பாரம் மாறும்.

வெளிவிளிம்பில் நேராக நிற்கும் முண்டு 6 கிலோ தாங்கினால் போதும். நடுவில் நிற்பது 12 கிலோவையும், பிணைச்சலிலிருந்து 9 அங்குலத்தில் நிற்பது 24 கிலோவையும் தாங்க வேண்டும். பிணைச்சலை நெருங்க நெருங்கப் பாரம் பெருகும். நெருக்கமாக வைத்த சிறிய முண்டுகள் ஆணியோடு பிடுங்கி வருவதற்குக் காரணம் இதுவே.

உங்கள் கதவின் பாரத்தை அறிய அதைக் கழற்ற வேண்டியதில்லை. கதவைக் கிடையாக உயர்த்தி, வெளிவிளிம்பின் நடுவில் தொங்கு தராசைக் கொளுவிப் பாருங்கள். தராசு காட்டுவதை இரட்டித்தால் அதுவே கதவின் பாரமாகும்.

காற்றும் மழையும்

கீழே நிற்கும் தடி பாரத்தை மட்டுமே தாங்கும். சோழகக் காற்று கதவின் அடியில் புகுந்து அதைச் சுளகுபோல மேலே புடைக்கும்போது, தடி தளர்ந்து சரிந்துவிடும். அடுத்த கணம் கதவு முழுப் பாரத்தோடு கீழே வரும். எனவே முண்டு தாங்கினால் மட்டும் போதாது, கதவைப் பிடித்தும் வைத்திருக்க வேண்டும். இரு நுனியும் மாட்டப்படாத முண்டு முண்டே அல்ல என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையும் ஒரு பாரம். மேலே சொன்ன கதவில் கால் அங்குல உயரத்துக்கு நீர் தேங்கினால் அது ஏறத்தாழ 7 லீற்றர், அதாவது 7 கிலோ. 12 கிலோ கதவு 19 கிலோ ஆகிவிடும். நீர் வடிந்தோட, வெளிவிளிம்பு பிணைச்சலைவிட 3 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். அப்படித் தாழ்ந்தும் அது ஆட்களின் தலைக்கு மேல் நிற்க வேண்டும்.

செய்யும் முறை

இதற்கு இரண்டு இரும்புக் கம்பிகள் போதும். 10 அல்லது 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கட்டடக் கம்பித் துண்டுகள் பொருத்தமானவை. கம்பி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கதவு முறுகிப் பிணைச்சல் தளரும். இரு பக்கமும் கட்டாயம் வேண்டும்.

1. முதலில் பிணைச்சல்களைப் பாருங்கள். ஆணியோ திருகாணியோ ஆடினால், மரத்தைத் துளைத்துச் செல்லும் போல்ட்டும் நட்டும் போடுங்கள். வெறும் தகரத்தில் எதையும் பூட்ட வேண்டாம். பின்னால் ஒரு பலகைத் துண்டு வைத்தே பூட்டுங்கள்.

2. இருவர் கதவை வேண்டிய உயரத்தில் பிடிக்க, வெளிவிளிம்பின் கீழ் இரண்டு தடிகளையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். தனி ஆளாக இவ்வேலையில் இறங்க வேண்டாம்.

3. கதவின் இரு ஓரச் சட்டங்களிலும் பிணைச்சலிலிருந்து 2 அடி தூரத்தில் ஒவ்வொரு இரும்பு வளையம் பூட்டுங்கள். கடையின் நிலைமரங்களிலும் பிணைச்சலுக்கு 2 அடி கீழே ஒவ்வொரு வளையம் பூட்டுங்கள்.

4. மேல் வளையத்துக்கும் கீழ் வளையத்துக்கும் இடையே கயிறு பிடித்து அளவெடுங்கள். அது 3 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். இரு நுனிகளையும் வளைப்பதற்கு மேலதிகமாக 3 அங்குலம் வீதம் விட்டுக் கம்பியை வெட்டுங்கள்.

5. நுனிகளை மூலைமட்டமாக வளைத்து வளையங்களில் நுழையுங்கள். வெளியே நீட்டும் நுனியில் சிறு துளையிட்டு, கழன்று வராதபடி ஊசிபோன்ற பின் ஒன்றை மாட்டுங்கள். துளையிடும் வேலையை ஒரு சைக்கிள் கடையிலோ வெல்டிங் கடையிலோ செய்விக்கலாம்.

6. பின்களைச் சிறு கயிற்றால் கம்பியோடு கட்டிவிடுங்கள். தொலைந்த பின்னுக்குப் பதிலாக ஈர்க்கு செருகப்படும் நாளில்தான் ஆபத்து வரும்.

கம்பி சாய்வாக நிலைமரத்தில் முடிவதால் வாடிக்கையாளரின் காலில் தடக்காது. வேலை முடிந்ததும் கதவின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கம்பி வளையத்தை விட்டுக் கழராமல் இருக்க வேண்டும். பலத்த காற்று வீசும் நாளில், எந்த முண்டு இருந்தாலும் கதவை இறக்கிவிடுவதே புத்தி.

வாயுக் கம்பி பொருத்துவோர் கவனத்துக்கு

பாண் விற்கும் முச்சக்கர வண்டியோ, மரக்கறி விற்கும் வானோ வைத்திருப்பவர்கள் வாயுக் கம்பியை விரும்பலாம். இதன் உருளைக்குள் நைதரசன் வாயு மிகுந்த அமுக்கத்தில் அடைக்கப்பட்டுள்ளது. இதன் தள்ளும் வலு நியூட்டன் என்ற அளவில் உருளையில் எழுதப்பட்டிருக்கும். ஏறத்தாழ 10 நியூட்டன் ஒரு கிலோவுக்குச் சமம்.

முன்சொன்ன 12 கிலோ கதவையே எடுப்போம். கம்பி தள்ளும் கோட்டுக்கும் பிணைச்சலுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம் 6 அங்குலமானால், 36 கிலோ அளவு தள்ள வேண்டும். இரு பக்கமும் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 180 நியூட்டன். இதைவிடச் சற்றுக் கூடியதை வாங்கலாம். மிகவும் கூடியதை வாங்கினால் கதவு வளையும், பிணைச்சல் பிடுங்கும்.

கதவு மூடியிருக்கும்போது உருளை மேலேயும் மெல்லிய கம்பி கீழேயும் இருக்கும்படி பொருத்த வேண்டும். அப்போது உள்ளிருக்கும் எண்ணெய் அடைப்பை நனைத்து, வாயு கசியாமல் காக்கும். காலப்போக்கில் வலு குறையும். உயர்த்திய கதவு மெல்ல இறங்கத் தொடங்கினால் அதுவே எச்சரிக்கை. அப்போது இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய வாகனத்தில் கழற்றியதை வாங்கும்போது கையால் அமுக்கிப் பாருங்கள். இலகுவாக உள்ளே போய் வெளியே வராவிட்டால் அது பயனற்றது. பழுதானதை வெட்டவோ, துளைக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. அது வெடிக்கும்.

வீட்டிலுள்ள மூடிகள்

இடம்பெயர்ந்த வீடுகளில் உறுதிப் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இருப்பது றங்குப் பெட்டியில்தான். விதைநெல் மரப்பெட்டியில் இருக்கும். அவற்றின் பாரமான மூடிகளும் தூக்குக் கதவுகளே. மூடி பின்னால் சாய்ந்து பிணைச்சலை முறிக்காமலிருக்க, இரு பக்கமும் சிறு சங்கிலி போடுங்கள். முன்னால் விழாமலிருக்க, சுவரில் ஒரு கொளுக்கி போதும். குனிந்து தேடும் பிள்ளையின் கழுத்தை அக்கொளுக்கி காக்கும்.

நாளைக் காலை கடை திறக்கும்போது, ஆட்கள் வருமுன் உங்கள் முண்டை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் அன்றைக்கே அதற்கு ஒரு வழி செய்யுங்கள்.