இரண்டு தடவை வெட்டப்பட்ட பெயர்

கந்தப்பளை பஸாரில் பழைய கைத்தொலைபேசி வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களைத்தான் பார்க்கிறார்கள்: பற்றரி நிற்குமா, வட்ஸ்அப் ஓடுமா. பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எப்போது வந்தது என்று செட்டிங்ஸில் ஒரு திகதி காட்டும். அது ஏன் முக்கியம் என்பதை 2015இல் அகப்பட்ட ஒரு வழுவை வைத்துச் சொல்லலாம்.

ஒரு செயலி வலையமைப்போடு பேச வேண்டுமென்றால் இயங்குதளத்திடம் ஒரு சொக்கெட் கேட்கும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னல், அதற்காக நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கிப் பட்டியலில் பதியும். அந்த இடம் எத்தனை பேரின் பாவனையில் உள்ளது என்றும் எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை பூச்சியமானால் இடம் வேறொருவருக்குப் போகும். லயத்து அறையை நினைத்துப் பாருங்கள். அறை புதிய குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் பழைய சாவி இன்னும் பழையவர் கையில். நினைவக வழுக்களில் மிக ஆபத்தான ஒரு வகை இதுதான்.

அண்ட்ரொய்ட் போன்களின் கேர்னல் லினக்ஸ். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும் 'பிங்' சொக்கெட் அதில் உண்டு. தொடர்பைத் துண்டித்தால் பட்டியலில் பெயர் வெட்டப்படும், எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஆனால் வெட்டியாயிற்று என்ற குறிப்பு சரியாக விழவில்லை. எனவே இரண்டாம் தடவை துண்டித்தபோது அதே பெயர் மறுபடி வெட்டப்பட்டது, எண்ணிக்கையும் மறுபடி குறைந்தது. செயலி சொக்கெட்டைக் கையில் வைத்திருக்கும்போதே இடம் காலியென்று கேர்னல் நம்பியது.

சீனாவின் கீன் குழுவினர் கண்டபடி கட்டளைகளை அனுப்பிச் சோதித்தபோது கேர்னல் விழுந்தது. விழுந்த முகவரி, பதினறும எண்ணில் 200200. அதுவே துப்பு. வெட்டிய பதிவில் லினக்ஸ் வேண்டுமென்றே எழுதிவைக்கும் நச்சு எண் அது. மறுபடி தொட்டால் விழட்டும் என்பதற்கான பொறி. ஆனால் தாக்குபவர் அந்த முகவரியில் தன் நினைவகத்தையே முன்கூட்டி வைத்துவிட்டால் பொறி வேலை செய்யாது. முழுப் போனும் அவர் கையில். 2015 மே மாதம் லினக்ஸில் இதைத் திருத்தியது ஒரேயொரு வரி. கூகுளின் அறிவித்தலில் அது வந்தது செப்டெம்பரில். பல மலிவு போன்களுக்கு அப்டேட்டே வருவதில்லை.

இன்று இத்தகைய வழுக்களைத் தேட கேசான் என்ற கருவி உண்டு. விடுவித்த இடத்தை அது அடையாளமிட்டு வைக்கும். யாராவது தொட்டால், தொட்டது யார், முதலில் வாங்கியது யார், விடுவித்தது யார் என்ற மூன்று தடங்களையும் காட்டும். அந்த வகைத் தானியங்கிச் சோதனையால், 2005 முதல் லினக்ஸில் கிடந்த இன்னொரு சொக்கெட் வழுவை அன்ட்ரே கொனொவலொவ் 2017இல் பிடித்தார். எவரும் வாசிக்கக்கூடிய நிரலில் பதினொரு வருடத்துக்கும் மேலாக!

'பிங்' வழு தூரத்திலிருந்து தானாக வராது. முதலில் ஒரு செயலி உள்ளே நுழைய வேண்டும். வட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகள் அதனால்தான் ஆபத்து. பழைய கதையுமல்ல: 2024 ஓகஸ்டிலும் கேர்னலின் வலையமைப்புப் பகுதி வழுவொன்று குறிப்பிட்ட சிலருக்கு எதிராகப் பயன்பட்டதற்கான அறிகுறிகள் உண்டென கூகுள் அறிவித்தது.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வன்னிக்குப் போன உறவுகளின் படங்களும், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய குரல் பதிவுகளும் இப்படியான போன்களில்தான் இருக்கின்றன. திகதி பல வருடம் பழையதென்றால், பதிவுகளை வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு அந்தப் போனிலிருந்து அழித்துவிடுங்கள் என்றே என்னிடம் சாட்சியம் தருபவர்களுக்குச் சொல்கிறேன்.