நுரையீரல், பெபாரு, லங்ஸ்: தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசில்லாத உடற்கூற்றுப் பாடம்

நெகிரி செம்பிலானின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளரும் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே படிக்கிறது. அதுவரை மூச்சு உறுப்புக்குப் பெயர் நுரையீரல். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் மலாயில் பெபாரு. இருமொழிப் பாடத்திட்ட வகுப்பில் சேர்ந்தால் லங்ஸ். படிவம் 4இல் உயிரியல் எடுத்து, தாதியாகவோ மருத்துவ உதவியாளராகவோ டாக்டராகவோ வர ஆசைப்படும் பகாவ், லாபு, சுவா பெத்தோங் பிள்ளைக்கு உறுப்பு ஒன்று, பெயர் மூன்று.

இந்தப் பெயர்க் குழப்பம் சில இடங்களில் பொருளையே மாற்றிவிடும். மலாய்ப் பாட்டில் 'ஹாத்தி' என்று உருகினால் அது மனசு. உயிரியல் தேர்வில் ஹாத்தி என்றால் கல்லீரல், இதயத்துக்கு ஜந்துங். இதை மறக்காமலிருக்க வழி வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. வாழைப்பூவை மலாய்க்காரர்கள் 'ஜந்துங் பீசாங்' என்பார்கள், வாழையின் இதயம். அந்தக் கூம்பு வடிவத்தைப் பார்த்த பிள்ளைக்கு ஜந்துங் எது என்ற சந்தேகம் வராது.

டியூஷனுக்குப் பட்டணம் போய்வரக் காசும் நேரமும் வேண்டும். ஆனால் கைப்பேசியில் காசில்லாமல் கிடைப்பதே ஏராளம். மலேசியக் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பள்ளிப் பாடநூல்கள் உள்ளன. மாணவருக்கான கணக்கு போதும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ், 'அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி' என்ற முழுக் கல்லூரி நூலை 2013இல் வெளியிட்டது. 2022இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 28 அத்தியாயங்கள். 19ஆவது இதயம், 22ஆவது சுவாசம், 23ஆவது செரிமானம். கான் அகாடமியின் காணொளிகளும் இலவசம்தான். ஆனால் பிரீபெய்ட் டேட்டாவில் வாழும் வீட்டுக்கு, ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும் நூலே கட்டுப்படியாகும்.

பலர் கவனிக்காத பொக்கிஷம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அம்மாநில அரசு தமிழ்வழிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பதினோராம் வகுப்பு விலங்கியல் நூலில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் விரிவாக உண்டு. படிவம் 4, 5 பிள்ளைக்கு இது ஏறக்குறைய அதே பாடம்.

சுவாசத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் தமிழ் நூலைத் திறந்து, விலா எலும்பின் மேல் கையை வைத்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது, விலாக்கூடு மேலே எழும்பி வெளியே விரிகிறது, உள்ளே இடம் கூடி அழுத்தம் குறைகிறது, காற்று தானாகவே புகுகிறது. கைக்கே அது தெரிந்துவிடும். பிறகு நோட்டில் மூன்று பத்தி: உதரவிதானம், டியாஃப்ராக்மா, டயஃப்ரம்; விலா எலும்பு, துலாங் ரூசுக், ரிப். விஷயம் பிடிபட்ட பின் பெயரை மாற்றுவது பெரிய வேலையே இல்லை.

ஓர் எச்சரிக்கை. 'கிரேஸ் அனாட்டமி' என்ற ஆங்கில உடற்கூற்று நூலின் 1918ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகப் பரவிக் கிடக்கிறது. அதன் எலும்பு, தசைப் படங்கள் இன்றும் அருமை. ஆனால் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல். இனிப்பு நீர் ஏன் வருகிறது என்பதற்கு அந்த நூலில் விடை தேடக் கூடாது.

தமிழில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழாகியது. பின்னாளில் மலாயாவின் மருத்துவமனைகளிலும் தோட்டங்களிலும் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவர்களில் யாழ்ப்பாணத்தார் பலர் இருந்தார்கள்.

உங்கள் தோட்டத்தில், தாமானில் இந்த ஆண்டு படிவம் 4இல் உயிரியல் எடுத்த பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பதினோராம் வகுப்பு விலங்கியல் நூலை இன்றே அவர் கைப்பேசியில் இறக்கிக் கொடுங்கள்.