எண்ணுவதற்கும் ஒரு விலை உண்டு

கிராம அலுவலர் படிவங்களோடு வாசலில் வந்து நிற்கும்போது எம்மில் பலருக்கு முதலில் வருவது சலிப்புத்தான். "எத்தினை தரம் ஐயா பதியிறது? பதிஞ்சு என்னத்தைக் கண்டம்?" என்று கேட்காத வீடு இல்லை. முகாமில் ஒரு பதிவு, உறவினர் வீட்டில் ஒரு பதிவு, மீள்குடியேறப் போனால் இன்னொரு பதிவு. பெயர், வயது, காணி, மாடு, கிணறு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மக்கள் நாம்.

இக்கேள்வி நியாயமானது. ஆகவே இவ்விதழில் அதையே ஆராய எண்ணினோம். ஒரு நாடு தன் மக்களையும் விளைச்சலையும் எண்ணுவதற்கு என்ன செலவாகிறது? அச்செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

செலவு யாருடையது?

செலவு இரு வகைப்படும். ஒன்று திறைசேரியின் செலவு: படிவம் அச்சிடல், கணக்கெடுப்போரைப் பயிற்றுவித்தல், அவர்களுக்குரிய படி, போக்குவரத்து, கணனி வேலை. மற்றையது எமது செலவு. களை பிடுங்கும் நாளில் ஒரு மணித்தியாலம் இருந்து பதில் சொன்னால் அதுவும் செலவே. கச்சேரி வாசலில் நின்று இழந்த அரை நாட் கூலியும் செலவே. நேர்மையாகக் கணக்குப் பார்ப்பவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கூட்டவேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011இல் நடந்த குடிசன மதிப்பீட்டுக்கு ஏறத்தாழ 48 கோடி 20 இலட்சம் பவுண் செலவாயிற்று. அங்குள்ள 5 கோடி 60 இலட்சம் மக்களுக்கும் இதைப் பங்கிட்டால் தலைக்கு 9 பவுணுக்கும் குறைவு. மதிப்பீடு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதால் ஆண்டுக்கு ஒரு பவுண் கூட இல்லை. அதனால் கிடைத்த பயனோ ஆண்டொன்றுக்குச் சுமார் 50 கோடி பவுண் என அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம் மதிப்பிட்டது. நியூசிலாந்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வும், மதிப்பீட்டில் இடும் ஒவ்வொரு டொலருக்கும் ஐந்து டொலர் நிகர நன்மை உண்டு எனக் கண்டது.

பயனை எப்படி அளந்தார்கள்? எண்களைப் பயன்படுத்துவோரிடம் போய், "இந்த எண் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு ஐந்நூறு பேருக்கான மருந்தும், ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு ஆயிரம் பேருக்கானதும் போனால், ஓரிடத்தில் பற்றாக்குறை, மற்ற இடத்தில் வீண். சரியான எண் தடுக்கும் இவ்விழப்பே அந்த எண்ணின் பெறுமதி.

எண்ணாமல் விட்டதன் விலை

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 1981இன் பின் 1991இல் நடந்திருக்கவேண்டியது போரினால் நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக எண்ணினார்கள். விடுபட்டவை வடக்கின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும். நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இல். இடையில் 31 ஆண்டுகள்! 1981இல் தொட்டிலில் கிடந்த பிள்ளை, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் அது.

பிழையான எண் எவ்வளவு விலை கேட்கும் என்பதை 2009இல் கண்டோம். வன்னியில் எஞ்சியிருப்போர் சுமார் 70,000 பேர் என அரசு சொன்னது. அங்கு கடமையிலிருந்த அரச அலுவலர்களோ 3 இலட்சத்துக்கு மேல் என்றார்கள். போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். குறைத்துச் சொன்ன தொகையால் உணவும் மருந்தும் குறைவாகவே போயின என்பதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. சரியான எண் உள்ளூர் அலுவலரின் பதிவேட்டில் இருந்தது. அது ஏற்கப்படவில்லை. எண்ணினால் மட்டும் போதாது, எண்ணியதை மதிக்கவும் வேண்டும்.

வயலில் ஓர் எண்

நெல் விளைச்சலும் இப்படித்தான். எல்லா வயலையும் நிறுத்துப் பார்க்க எந்த அரசாலும் இயலாது. ஆகவே சில வயல்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் சிறு துண்டொன்றை அளந்து, அறுத்து, சூடடித்து, நிறுத்து, அதிலிருந்து மாவட்டத்தின் விளைச்சலைக் கணிக்கிறார்கள். அதிகம் அளந்தால் செலவு ஏறும். குறைய அளந்தால் எண் பிழைக்கும். எத்தனை துண்டு போதும் என்பதைச் செலவோடு சேர்த்துக் கணக்கிட வழிகாட்டியவர்களில் ஒருவர், வங்காளத்தில் பயிர் அளவைகள் நடத்திய மகலனோபிஸ். 1944இல் இதுபற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

இவ்வெண் பிழைத்தால் வேண்டாத வேளையில் அரிசி இறக்குமதியாகும். பெரும்போக அறுவடையோடு கப்பல் வந்தால் எம் நெல்லின் விலை என்னவாகும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பதிவுகளைப் பிரித்தறிவோம். குடிசன மதிப்பீட்டில் தனியாள் விபரம் சட்டப்படி இரகசியமானது. நிவாரணப் பதிவு வேறு. வாக்காளர் பதிவு வேறு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன, 2024இல் 6. இவ்வாசனங்கள் பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. எப்பதிவு எதற்கென்று கேட்பது எமது உரிமை.

இரண்டாவது, கூட்டியும் குறைத்தும் சொல்லாதிருப்போம். மானியத்துக்காக ஓர் ஏக்கரைக் கூட்டுவதும், பயத்தில் மாட்டை ஒளிப்பதும் ஈற்றில் எம் ஊரின் பங்கையே பிழையாக்கும்.

மூன்றாவது, கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ தனக்கென ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். ஊரின் குடும்பங்கள், திரும்பாதவர்கள், விதைத்த பரப்பு, இடிந்த கிணறுகள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். செலவு ஒரு கொப்பியும் சில மாலைப் பொழுதுகளும். அலுவலகத்தின் எண் பிழையென்றால், அக்கொப்பியைக் காட்டித்தான் பேசமுடியும்.

நூறு ஆடுகளில் ஒன்று தவறியதை நல்ல மேய்ப்பன் எப்படி அறிந்தான்? ஒவ்வொரு மாலையும் அவன் எண்ணினான். எண்ணியதால்தான் தேடிப் போனான்.